உன் அம்மா படகில் போன நான்கு நாட்கள்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு, அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருப்பீர்கள். இங்கே நாங்கள் சுகம் என்று எழுத இந்த முறை பத்து நாள் காத்திருக்க வேண்டியதாகிவிட்டது. இப்போது தைரியமாக எழுதுகிறேன், இரண்டு பேரும் சுகம், இரண்டு பேரும் வீட்டில்தான் இருக்கிறோம். போன் டவர் இன்னும் சரியாகவில்லை, நேற்று ஒரு பத்து நிமிடம் உயிர் வந்தபோது உன் செய்திகள் நாற்பத்து மூன்றும் ஒரே மூச்சில் வந்து விழுந்தன. கடைசியாக, "யாராவது ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா" என்று எழுதியிருந்தாய். படித்ததும் தையல் ஓடவில்லை, மிஷினை மூடிவிட்டேன். நடந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன், பதறாமல் படி.

ஆற்றங்கரை உடைந்தது திங்கட்கிழமை. நம் தெரு மேடு என்பதால் கடைப்படியோடு தண்ணீர் நின்றுவிட்டது, குடோன் தொழிலாளர் குடியிருப்புதான் முழுகிப்போனது. உன் அம்மா வானொலி நிலையத்தைவிட்டு இறங்கவே இல்லை, ஜெனரேட்டரை வைத்துக்கொண்டு எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர், எந்தப் பள்ளிக்கூடத்தில் தங்கலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். புதன்கிழமை காலை மாற்றுத் துணியும் அவள் பிரஷர் மாத்திரையும் கொண்டு போனேன். அங்கே ராணுவ கேப்டன் ஒருவர் சேறு சொட்டச் சொட்ட நின்றுகொண்டிருந்தார். குடியிருப்பு மொட்டைமாடிகளில் நூற்றுப் பத்துப் பேர் இருக்கிறார்களாம், படகில் ஏற மாட்டோம் என்கிறார்களாம். முதல் நாள் போன படகு அவர்கள் கண்ணெதிரே கவிழ்ந்துவிட்டது, அதிலிருந்தவர்கள் பிழைத்துக்கொண்டாலும் பார்த்தவர்களுக்கு நம்பிக்கை போய்விட்டது. சிப்பாய்களுக்கு நம் பேச்சு வராது. வெள்ளிக்கிழமை காலை மேல் அணையைத் திறந்தாக வேண்டும், திறந்தால் அந்த மாடிகளும் முழுகும். படகில் ஏறுங்கள் என்று உன் அம்மா மூன்று தடவை ரேடியோவில் சொல்லிப் பார்த்தாள், ஆனால் அங்கே யாரிடம் நனையாத ரேடியோ இருக்கிறது? நீங்கள் கூட வர முடியுமா என்று கேப்டன் கேட்டார். அவள் பதில் சொல்வதற்குள் நான் முடியாது என்றேன். நீச்சல் தெரியாதவளை எப்படியம்மா அனுப்புவது? அவள் கோபப்படவில்லை. "முப்பது வருஷமா அவங்க வீட்டுக்குள்ள பேசிட்டு இருக்கேங்க, இன்னைக்கு வாசல்ல போய் நிக்கக் கூடாதா?" என்றாள். லைஃப் ஜாக்கெட் அவளுக்குத் தொளதொளவென்று இருந்தது. என் சட்டைக் காலரில் எப்போதும் ஒரு ஊசி குத்தியிருக்குமே, அதை எடுத்து அங்கேயே பட்டையைப் பிடித்துத் தைத்தேன். வாய் போகாதே போகாதே என்கிறது, கை தைத்துக்கொண்டே இருக்கிறது.

பிறகு நடந்ததை நிலையத்து டெக்னீஷியன்தான் ராணுவ வயர்லெஸ் பெட்டிக்கு முன்னால் மைக்கைப் பிடித்து ஊருக்கே கேட்க வைத்தான். கடையில் நானும் கேட்டேன். மெகாபோனில் அவள் கூப்பிட்டதும் மாடியிலிருந்து ஒரு பெண், "நிஜமாவே காலைல பேசுற அக்காதானா?" என்று கத்தினாள். உன் அம்மா என்ன செய்தாள் தெரியுமா, தினமும் வாசிக்கிற பஸ் நேரத்தை அப்படியே ஒப்பிக்க ஆரம்பித்துவிட்டாள், ஆறு இருபதுக்கு மில் வழி, ஆறு நாற்பதுக்கு ஆஸ்பத்திரி வழி என்று. நடுவில் இருமினாள். "அவங்கதான், அந்த இருமல் அவங்களோடதுதான்!" என்று அந்தப் பெண் சிரித்தது எங்களுக்கே கேட்டது. உங்களுக்கு நீச்சல் தெரியுமா என்று அடுத்த கேள்வி. தெரியாது, எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது, இந்தத் தம்பிகளை நம்பித்தான் வந்தேன் என்றாள். அதற்குப் பிறகு ஏற ஆரம்பித்தார்கள். ஏறுகிறவர் பெயரை ஒவ்வொன்றாக ரேடியோவில் வாசித்தாள், பள்ளிக்கூடங்களில் தங்கியிருந்த சொந்தக்காரர்கள் அதைக் கேட்டு அழுதார்கள் என்று பால்காரர் வந்து சொன்னார்.

வியாழக்கிழமை மதியம் ஒரு மணிக்கு அவள் குரல் நின்றது. பாதி வாக்கியத்தில் நின்றது. கல்லூரியில் ராணுவ முகாம், அந்த வாசலில் போய் நின்றேன். தகவல் இல்லை என்று காவலுக்கு நின்ற சிப்பாய் கையை விரித்தான். வெள்ளிக்கிழமை காலை அணை திறக்கிற சங்கு ஊதியபோதும் அங்கேதான் நின்றேன். அந்த நேரத்தை எழுத வரவில்லை, விட்டுவிடுகிறேன். பன்னிரண்டு மணிக்கு டெக்னீஷியன் ஓடி வந்தான், லைனில் இருக்காங்க ஐயா என்று. படகு மோட்டாரில் கம்பி சுற்றி, வயர்லெஸ் பேட்டரியும் தீர்ந்து, கடைசிப் பத்தொன்பது பேரோடும் இரண்டு ஆடுகளோடும் மில்லின் நாலாவது மாடியில் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். வேறு படகு வந்து பேட்டரி கிடைத்ததும் அவள் பேசிய முதல் வார்த்தை, "வீட்டுல சொல்லிடுங்க, மாத்திரை போட்டுட்டேன்னு." ஊர் முழுக்கக் கேட்டது. இப்போது ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வருகிறவர்கள்கூட அக்கா மாத்திரை போட்டாங்களா என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.

சனிக்கிழமை ராணுவ லாரியிலிருந்து இறங்கினாள். ஒரு சுற்று இளைத்திருக்கிறாள், வேறு குறையில்லை. தொண்டை மட்டும் போய்விட்டது, பத்து நாள் பேசவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். என்னைத் திட்டுவதற்கு ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன், அதில் பாதி நிறைந்துவிட்டது. ஒரு விஷயம்தான் அவளை அரிக்கிறது. குடோன் வாட்ச்மேன் மூட்டையை எடுத்து வருகிறேன் என்று கீழே இறங்கியவர் திரும்பவில்லை. இவள் போவதற்கு முன்னால் நடந்தது அது. ஆனாலும் நோட்டில் அவர் பெயரை எழுதி எழுதி அடிக்கிறாள். அவர் குடும்பத்தைப் பார்க்க நாளை இருவரும் போகிறோம்.

பாலம் சரியாகாமல் ரயில் இந்தப் பக்கம் வராது, அதனால் லீவு போட்டுவிட்டு ஓடி வராதே, இரண்டு மாதம் கழித்து நிதானமாக வா. உன் கண் பரிசோதனையைத் தள்ளிப்போடாதே. மாப்பிள்ளையிடம் நான் விசாரித்ததாகச் சொல். இப்போது மதியம் மூன்று மணி, உன் அம்மா முன் அறையில் குறட்டை விட்டுத் தூங்குகிறாள். இத்தனை வருடம் அந்தச் சத்தத்துக்குப் பயந்து கதவைச் சாத்துவேன். இன்று திறந்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைந்து வாழ வேண்டும்.

என்றும் உன் நினைவாக இருக்கும்
அப்பா