குடில் கொப்பியில் இல்லாத பெயர்

மச்சான்,

இன்று பின்னேரம் பள்ளிக்கூடத்து நிலவறைக்குள் இறங்கியதும் உன் ஞாபகம் வந்தது. கோவிக்காதே, மணத்தால்தான் வந்தது. நான் இப்போது இந்தப் பள்ளிக்கூடத்தின் பராமரிப்பாளன். கதவு பூட்டுவது, வெப்பமூட்டி பார்ப்பது, குளிர்காலத்தில் வாசலுக்கு உப்புப் போடுவது எல்லாம் என் வேலை. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு நாள் பனியாறு பார்க்கப் போய் வந்து, நனைந்த சப்பாத்துகளையும் கம்பளிக் காலுறைகளையும் கொதிகலன் அறையில் காயப் போட்டிருந்தார்கள். ஈரத் தோல், கம்பளி, வியர்வை, அதோடு முகத்துக்குப் பூசும் அந்த வெயில் களிம்பு. சீ, என்ன நாற்றம்! வேறு ஆளென்றால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியிருப்பான். நான் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அரைமணி நேரம் அதற்குள்ளேயே குந்தியிருந்தேன்.

இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகிவிட்டது. உனக்கு ஒரு வரி எழுதியதில்லை. எழுத வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்தால் வழக்கம்போல் பாதியில் எழும்பிப் போய்விடுவேன். மலைக்குடில் கொப்பியில் உன் பெயரை எழுதாதே என்று சொன்னவன் நான். பிறகு உன்னைத் தேடியிருக்க வேண்டிய நேரத்தில் வாயைப் பொத்திக்கொண்டு கோப்பை கழுவியவனும் நான்தான்.

டாவோஸ் மலை நகரத்து ஹோட்டல் குசினியில் நாங்கள் இரண்டு பேர்தான் தமிழர். நான் யாழ்ப்பாணம், நீ மட்டக்களப்பு. ஊரில் இருந்திருந்தால் சந்தித்தே இருக்க மாட்டோம். நீ வசனத்துக்கு வசனம் போடும் 'கா'வை நான் பகிடி பண்ணுவேன். நான் 'உவன்', 'உது' என்று சொல்லும்போதெல்லாம் நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். கைகள் எந்நேரமும் சவர்க்காரத் தண்ணீருக்குள் கிடந்து ஊறிப்போயிருக்கும். அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் நான் முதல் குளிர்காலத்திலேயே விசராகிப் போயிருப்பேன்.

அந்த மலை வழிகாட்டி எங்கள் ஹோட்டலிலிருந்துதான் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவார். எட்டுப் பேர், மூன்று நாள். கிளோஸ்டர்ஸ் ஊருக்கு மேலே உள்ள குடிலில் ஒருநாள் தங்கி, விடியப் பனியாற்றில் ஏறி, கணவாய் தாண்டி, அந்தப் பக்கக் குடிலில் தங்கித் திரும்புவார்கள். சாப்பாட்டுச் சாமான் சுமக்கவும் சமைக்கவும் அவருக்கு ஆள் தேவைப்பட்டது. எங்கள் லீவு நாட்களில் நாங்கள் போனோம். அவர் எப்போதும் தோளில் கயிற்றோடு திரிந்ததால் நீ அவருக்குக் 'கயித்தண்ணை' என்று பெயர் வைத்தாய். எதற்கும் நீ ஓம், ஓம் என்று தலையாட்டுவதைப் பார்த்து அவரும் அந்த ஒரு தமிழ்ச் சொல்லைப் பழகிக்கொண்டார்.

முதல் தடவை பனிக்கட்டியில் கால் வைத்தபோது நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "என்ன கா இது, மீன் பெட்டிக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கு!" சப்பாத்துக்கு அடியில் இரும்பு முள்ளைக் கட்டிக்கொண்டு, இடுப்பில் கொளுக்கி மாட்டி, எல்லோரும் ஒரே கயிற்றில் வரிசையாக நடக்க வேண்டும். இரண்டு பேருக்கு நடுவில் நல்ல தூரம் இருக்க வேண்டும், கயிறு தொய்யவே கூடாது. ஒருவன் பனி வெடிப்புக்குள் விழுந்தால் மற்றவர்கள் தாங்கிப் பிடிப்பதற்காக. எங்களுக்கு அது சரிவரவே இல்லை. கதைப்பதென்றால் பக்கத்தில் வரவேண்டாமோ? நீ மெல்ல மெல்லக் கிட்ட வருவாய், நான் ஏதாவது சொல்ல நின்று திரும்புவேன், கயிறு நிலத்தில் கிடக்கும். கயித்தண்ணை முன்னாலிருந்து கத்துவார். "தூரம்! தூரம்! காதலர்களா நீங்கள்?" வெள்ளைக்காரர் எல்லோரும் சிரிப்பார்கள். நீ அவர்களுக்குக் கையைத் தூக்கிக் கும்பிடு வேறு போடுவாய்.

குடில் வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும் என்று கண்டபோது உனக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம். "பாத்தியா கா, இவங்களும் எங்கட ஆக்கள்தான்!" அந்தச் சந்தோஷத்தில்தான், மேசையில் கிடந்த பெரிய கொப்பியைக் குடில்காரி உன் பக்கம் தள்ளியதும் பேனையை எடுத்தாய். வந்து தங்குகிற ஒவ்வொருவரும் அதில் பெயர், எங்கிருந்து வந்தது, அடுத்து எங்கே போவது மூன்றையும் எழுதுவார்கள். நீ தமிழிலும் ஜெர்மன் எழுத்திலும் உன் முழுப்பெயரை எழுதி, பக்கத்தில் மட்டக்களப்பு என்றும் போட்டாய். அடுத்து எங்கே என்ற இடத்தில் கணவாய்க்கு அந்தப் பக்கக் குடிலின் பெயரை எழுதினாய்.

அந்தக் குடில் இருப்பது ஒஸ்திரியாவில். பனிக்கு மேலே எல்லை எங்கே என்று யாருக்குத் தெரியும்? வெள்ளைக்காரர் சாப்பிட்டுக்கொண்டே அதைத் தாண்டிப் போனார்கள். எங்களிடம் இருந்தது அகதி விண்ணப்பக்காரருக்குக் கொடுக்கிற அவுஸ்வைஸ் அட்டை மட்டும். அதை வைத்துக்கொண்டு நாட்டை விட்டு வெளியே கால் வைக்க முடியாது. வைத்தது தெரிந்தால் கேஸ் முடிந்துவிடும் என்று எங்கள் ஆட்கள் எல்லோரும் பயந்துகொண்டுதான் இருந்தார்கள்.

உன் கையிலிருந்த பேனையைப் பறித்து உன் பெயரைக் கோடு கோடாக வெட்டினேன். "உனக்கென்ன விசரே? உந்தக் கொப்பியை ஆர் ஆர் எடுத்துப் பாக்கிறாங்களோ! ஊரிலை ஆமிக்குப் பேர் எழுதிக் குடுத்த வீடுகளிலை என்ன நடந்ததெண்டு மறந்து போச்சோ?" என்றேன்.

நீ என் முகத்தைப் பார்த்தாய். "கயித்தண்ணை சொன்னார், இந்தக் கொப்பி ஆள் காணாமப் போனா தேடி வாறவங்களுக்காம்."

"அதுதான் மடையா நானும் சொல்லுறன். தேடி வாறவங்களுக்குத்தான்!"

கொப்பியை மூடித் தள்ளி வைத்தாய். பிறகு வழக்கமான சிரிப்போடு, "சரி கா, அப்ப நான் மலைக்கு வராத ஆள்" என்றாய். அதற்குப் பிறகு நீ எந்தக் கொப்பியிலும் எழுதவில்லை. எல்லை தாண்ட எங்களுக்கு அனுமதி இல்லை என்று கயித்தண்ணையிடமும் நாங்கள் சொல்லவில்லை. சொன்னால் கூட்டிக்கொண்டு போகமாட்டார். வருகிற கோடையில் உன்னைத் தனக்கு உதவியாளாக எடுக்கலாம் என்று அவர் சொல்லியிருந்தார். "நான் முன்னுக்குப் போவன், நீ கடைசியில கயித்தைப் பிடிச்சிட்டு வா கா" என்று என் பின்னால் குசினி முழுக்கச் சொல்லித் திரிந்தாய். எனக்கும் பெருமைதான், எரிச்சல்போல் காட்டிக்கொண்டேன்.

செப்டெம்பரில் அந்த வருஷத்தின் கடைசிப் பயணம். எனக்கு லீவு கிடைக்கவில்லை. உனக்கு வியாழக்கிழமை கூர் நகரத்தில் அகதி விசாரணை. நான்கு வருஷமாகக் காத்திருந்த கடிதம். போகாதே என்று சொன்னேன், சொல்லவில்லை என்று மட்டும் சொல்லாதே. "ஞாயிறு போய் செவ்வாய் வந்திருவன். புதன் முழுக்கப் படுத்து நித்திரை கொண்டுபோட்டு வியாழன் போறன். பயப்படாத கா" என்றாய்.

அந்தப் பக்கக் குடிலில் ஒரு பெண்ணுக்கு முழங்கால் வீங்கியது. அவரைக் கீழே அனுப்பி, மற்றவர்களோடு திரும்ப வெள்ளிக்கிழமை ஆகும் என்று கயித்தண்ணை சொன்னாராம். உன்னால் காத்திருக்க முடியாது. விசாரணைக்குப் போகாவிட்டால் நான்கு வருஷமும் தண்ணீரில் போய்விடும். புதன் விடிய நீ புறப்பட்டபோது அவர் சொன்னது ஒன்றுதான்: பனியாற்றில் ஒற்றை ஆள் நடப்பதில்லை, பள்ளத்தாக்குக்கு இறங்கிப் பஸ்ஸைப் பிடித்து ரயிலில் போ. நீ ஓம் என்றாய். ஆனால் பஸ் போகிற பாதையில் எல்லைச் சாவடி இருக்கிறது. பனியில்தான் சாவடி இல்லை.

புதன் பின்னேரம் நீ வரவில்லை. நேரே கூருக்குப் போயிருப்பாய் என்று நினைத்தேன். வியாழன் மாலையும் வரவில்லை. கயித்தண்ணையின் ஆட்களும் இன்னும் திரும்பவில்லை, ஆனால் விசாரணையைத் தவறவிடாமல் நீ தனியாகவாவது பனியால் புறப்பட்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். தலைமைச் சமையற்காரர் எங்கே உன் கூட்டாளி என்று கேட்டார். காய்ச்சல், அறையில் படுத்திருக்கிறான் என்றேன். யன்னலுக்கு வெளியே பனி கொட்டத் தொடங்கியிருந்தது. பொலிசுக்குச் சொன்னால் எங்கேயிருந்து வந்தான் என்று கேட்பார்கள். ஒஸ்திரியாவிலிருந்து என்று சொன்னால் உன் கேஸ் போய்விடும். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். நானும் மூன்று தடவை அந்த எல்லையைத் தாண்டியவன். என் கேஸையும்தான் நினைத்தேன். நினைத்தேன் மச்சான். உன் பெயர் எந்தக் கொப்பியிலும் இல்லாதபடியால், நீ எந்த வழியால் வருகிறாய் என்று தெரிந்திருந்த ஒரே சீவன் நான். அந்தச் சீவன் தட்டுத் துடைத்துக்கொண்டிருந்தது.

வெள்ளி மத்தியானம் கயித்தண்ணை குசினியின் பின்கதவால் வந்தார். உன் சம்பளத்தைக் கொடுக்க வந்தவர். சிரித்த முகத்தோடு கேட்டார்:

"எங்கே அவன்? புதன்கிழமை பஸ் கிடைத்ததாமா?"

"பஸ்ஸில் வரமாட்டான்" என்றேன் எனக்குத் தெரிந்த ஜெர்மனில்.

"ஏன்?"

என் அவுஸ்வைஸை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். படித்தார். அப்படியே உருளைக்கிழங்குப் பெட்டியின் மேல் குந்திவிட்டார். "ஏன் எனக்கு இதைச் சொல்லவில்லை? தெரிந்திருந்தால் ஒரு நாளும் உங்களைக் கூட்டிக்கொண்டு போயிருக்க மாட்டேனே" என்றார்.

"அதனால்தான் சொல்லவில்லை."

அரைமணி நேரத்தில் ஹெலிகொப்டர் கிளம்பியது. அவ்வளவு சுருக்கான வேலை அது. ஒரு இரவு முழுக்க நான் பயந்துகொண்டிருந்த பொலிஸ், உன் கேஸைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. எந்தப் பாதை, என்ன நிற உடுப்பு, சாப்பாடு இருந்ததா என்றுதான் கேட்டார்கள். புதுப்பனி எல்லா அடையாளத்தையும் மூடியிருந்தது. சனிக்கிழமை காலை கயித்தண்ணைதான் உன்னைக் கண்டார். தானே கயிற்றில் வெடிப்புக்குள் இறங்கி உன்னைக் கட்டி மேலே அனுப்பினார்.

அன்று பின்னேரம் அவர் சொன்னதை உன்னிடமே திருப்பிச் சொல்வது மடைத்தனம், உனக்குத் தெரியாததா? வெடிப்பு அவ்வளவு ஆழமில்லை. கால் முறிந்திருந்தது. இருந்த உடுப்பு எல்லாவற்றையும் ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் போட்டிருந்தாய். முதுகுப் பையைக் கீழே போட்டு அதன்மேல் இருந்தாய், அவர் சொல்லித் தந்தபடியே. பாண் ரொட்டியைத் துண்டு துண்டாக்கி, ஒரு பாதியை மிச்சம் வைத்திருந்தாய்.

"எவ்வளவு நேரம் உயிரோடு இருந்தான்?" என்று கேட்டேன்.

அவர் நனைந்த கயிற்றைச் சுற்றிக்கொண்டே இருந்தார். இரண்டாம் தடவையும் கேட்டேன். "அதைக் கேட்காதே" என்றார். அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கும் விளங்கியது. பாணை மிச்சம் வைத்தவன் ஆள் வரும் என்று நம்பித்தானே வைத்திருப்பான்.

பொலிஸ் தாளில் உன் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்ல என்னைத்தான் கூப்பிட்டார்கள். கொப்பியில் நான் வெட்டிய அதே பெயர். மூன்று தடவை பிழைவிட்டேன். மட்டக்களப்புக்கு ஃபோன் எடுத்து உன் அக்காவிடம் பேசினேன். "கஷ்டப்பட்டானா தம்பி?" என்று கேட்டார். "இல்லை அக்கா, விழுந்த உடனேயே" என்றேன். அதை அவர் ஊர் முழுக்கச் சொல்லி ஆறுதல்பட்டாராம். அந்த ஒரு பொய்க்கு மட்டும் நான் வருந்தவில்லை. இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

எனக்கு அடுத்த வருஷம் அனுமதி கிடைத்தது. பிறகு இந்த நாட்டுக் கடவுச்சீட்டும் கிடைத்தது. அதே எல்லையை இப்போது ரயிலில் தாண்டுகிறேன், ஒருவரும் நிமிர்ந்தும் பார்ப்பதில்லை. ஒவ்வொரு தடவையும் எனக்கு ஆத்திரம் வருகிறது, யார்மேல் என்று தெரியாமல். கலியாணம் செய்தேன், நிலைக்கவில்லை. "எங்க போறாய், எத்தினை மணிக்கு வருவாய் எண்டு என்னைக் கேட்டே சாக்கொல்லுறியள்" என்றுதான் அவள் அடிக்கடி சண்டை பிடிப்பாள். அவள் சொன்னதும் சரிதான். ஐந்து நிமிஷம் பிந்தினாலும் நான் தெருவில் நிற்பேன். இப்போது தனியாக இருக்கிறேன். கதவைத் திறந்தால் நான் காலையில் வைத்துவிட்டுப் போன கோப்பை அதே இடத்தில் இருக்கும்.

ஆனாலும் ஒரு பழக்கம் விடவில்லை. கடைக்குப் போனாலும், பல் வைத்தியரிடம் போனாலும், சும்மா ஏரிக்கரையில் நடக்கப் போனாலும், கதவடியில் நின்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் இறங்குகிறேன். "மச்சான், கடைக்குப் போறன். பாலத்தடி வழியாலை. ஆறு மணிக்குள்ளை வந்திடுவன்." பக்கத்து வீட்டு மனுசி ஒருநாள் படியில் நின்று கேட்டுவிட்டு ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டும். வீட்டில் கேட்க ஆள் இல்லை என்று எனக்குத் தெரியாதா? ஒருநாள் நான் திரும்பி வராவிட்டால், எந்த வழியில் தேட வேண்டும் என்று உனக்காவது தெரிந்திருக்கட்டும்.