இஞ்சினுக்கு முளைத்த நாக்கு

கிளியம்மா,

இந்தக் காலத்தில் எவனும் எதையும் கண்ணால் பார்த்துச் சொல்வதில்லை. திண்டிவனத்து மெக்கானிக் தேவநாதன் இரும்புக் கம்பியின் ஒரு முனையை நம்ம ஜீப்பு இஞ்சின்மேல் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்துக்கினு, "நாக்கு இருக்குதுங்க பெரியவரே" என்றான். வாங்கின நாளாய் ஓட்டுகிறேன், அதற்கு நாக்கு முளைத்து நான் பார்த்ததில்லை. இஞ்சின் டக்டக்கென்று தட்டுவதற்கு இங்கிலீஷில் 'நாக்' என்று பேராம்.

"பெட்ரோல்ல மண்ணெண்ணெய் கலந்தீங்களா?" என்று என்னைத்தான் கேட்டான். நான் வாய் திறக்குமுன்னே நீ, "கலந்தாரு, நான் பார்த்துக்கினுதானே இருந்தேன்" என்றாய். நாக்கு யாருக்கு என்று அப்போதே தெரிந்துபோச்சு.

இன்றைக்கு அவன் வந்து டாங்கியைக் காலி பண்ணி, நல்ல பெட்ரோல் ஊற்றுவான். மோர் கொடு. சாவி உப்புச் சாடிக்குப் பின்னால் இருக்கிறது. இஞ்சினைப் பிரிக்கிறேன் என்றால் விடாதே. மயிலத்தில் நம்ம பொண்ணு பவுனு வளைகாப்புக்கு உன்னையும் சீர்த்தட்டுகளையும் அவனே ஏற்றிக்கினு போகட்டும்.

கேப்பைக் கூழ் குடித்துவிட்டேன். உப்பு பத்தவில்லை.

பாரம் கூடினால் ஏற்றத்தில் தட்டுமாம். அதனால் நான் மயிலத்துக்கு முன்னாடியே நடந்து போறேன். உனக்காக என்று நினைத்துக்காதே.

இன்னொன்று: ஜீப்பு தட்டாமல் வந்து சேர்ந்தாலும் மண்ணெண்ணெய்மேல் பழி போடாதே. நான் ஏறாததால்தான் தட்டவில்லை என்று சபையிலேயே சொல்வேன். போறேன்.