ஓரமாக நின்றால் கதிர் படாதா?

என் அருமை மச்சான் சவரிமுத்துவுக்கு,

ஜொகூரில் விடாத மழை. ஆஸ்பத்திரியில் நீ இயக்கிய எக்ஸ் கதிர் யந்திரம் நலம். உன் இடத்தில் இப்போது நான் நிற்பதால், என் நலம் குறித்துத்தான் எழுதுகிறேன்.

உன்னை நாங்கள் தவணையாகப் புதைத்தோம்: முதலில் இரண்டு விரல், பிறகு மணிக்கட்டு வரை, கடைசியில் மீதி. யந்திரம் சரியாக இருக்கிறதா என்று தினமும் உன் கையையே காட்டிப் பார்த்ததால் வந்த கதிர்ப்புண் என்றார்கள். எனக்கு அது ஆறுதலாக இருந்தது. நான் கையைக் காட்டுவதில்லை. தரையில் நீ சிவப்புச் சாயத்தால் போட்ட கோட்டுக்கு அப்பால் நிற்கிறேன். "நேராப் போற சனியன் மச்சான், ஓரமா நின்னா ஒண்ணும் பண்ணாது" என்பாயே.

போன மாதம் சிங்கப்பூரிலிருந்து வந்த ஆங்கில இதழில் ஒரு கட்டுரை படித்தேன். எக்ஸ் கதிர் எலெக்ட்ரானில் மோதி, கோலிக்குண்டு போலத் திசைமாறித் தெறிக்கிறதாம். மோதியதில் கொஞ்சம் வலுவும் குறைகிறதாம். எவ்வளவு குறைந்தது என்று அறிய அதன் அலைநீளத்தை அளக்கிறார்கள். கோலிக்குண்டுக்கு ஏது அலைநீளம்? மோதும்போது மணி, அளக்கும்போது அலை. உத்தியோகஸ்தர்களிடம் மட்டுமே நான் கண்டிருந்த திறமை இது.

அதைத் தமிழாக்கி இங்குள்ள மாத இதழுக்குக் கொடுத்தேன். தலைப்பில் 'கதிர்' இருந்ததால், அச்சுக்கோக்கும் மாணிக்கம் அதை வேளாண்மைப் பக்கத்தில், உரக் குறிப்புக்கு அடியில் போட்டுவிட்டார். இது எத்தனை மாதப் பயிர் என்று ரெங்கம் ஊர் வாசகர் ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். அச்சகத்துக்குச் சண்டைக்குப் போனேன்.

"என்னாங்க சார், மணிமணியா இருக்கு, மோதினா செதறுதுன்னு நீங்கதான எழுதினீங்க? நெல்லு இல்லாம வேற என்னா லா?"

"அது ஒளிங்க, மாணிக்கம்!"

"எதுவா இருந்தா என்னா? கதிர் அடிக்கிற எடத்துல ஓரமா நின்னா மேல தெறிக்காதா?"

வீடு திரும்பினேன். மொழிபெயர்த்தவன் நான், புரிந்துகொண்டவர் அவர். நோயாளியின் உடம்பு முழுக்க எலெக்ட்ரான்தானே மச்சான்? அப்படியானால் உன் கோடு இத்தனை நாள் யாரைக் காத்தது?

உன் தங்கை ஞானம் சோறு போடுமுன் என் விரல்களைப் புரட்டிப் பார்க்கிறாள். "அண்ணனுக்கும் நகத்துலதான் ஆரம்பிச்சுது. கட்டவெரல்ல இது என்னாங்க கோடு?"

"அச்சகத்து மசி" என்றேன். மூன்று நாளாகச் சோப்புப் போட்டுத் தேய்க்கிறேன். மசி இவ்வளவு பிடிவாதமாக இருக்குமா?

கதிரை மறிக்கும் ஈயத் தடுப்பு கேட்டு மேலிடத்துக்கு மனுப் போட்டேன். அலையா மணியா என்று அறிஞர்களே தீர்மானிக்காத விஷயத்தில் அவசரம் எதற்கு என்று பதில் வந்திருக்கிறது. நியாயந்தான். என் கட்டைவிரலிடம்தான் காத்திருக்கச் சொல்ல முடியவில்லை.

ஆகவே சீனர் கடைத் தேயிலைப் பெட்டிகளின் உள்ளே ஒட்டியிருக்கும் ஈயத்தகட்டை உரித்து வந்து, பழைய கதவொன்றில் பல அடுக்காக அறைந்திருக்கிறேன். நாளை முதல் அதன் பின்னால்தான் நிற்பேன். உன் சிவப்புக் கோட்டை அழித்துவிடுவேன், கோபித்துக்கொள்ளாதே. வரும் கல்லறைத் திருநாளில் மெழுகுவத்தி ஏற்ற வருவேன். பத்து விரலும் இருக்கிறதா என்று நீயே எண்ணிப் பார்த்துக்கொள்.

உன் தங்கை வீட்டுக்காரன்,
அந்தோணி