ஏணியைப் பிடித்தவர்

அம்மாவுக்கு,

வணக்கம்மா. அப்பாவுக்கு மூட்டு வலி குறைஞ்சுதா? நீங்க வேளாவேளைக்குச் சாப்பிடுறீங்களா? எனக்கு ஒரு குறையுமில்ல.

ஒரு சின்ன விஷயம், பதறாதீங்க. ஏணியில இருந்து விழுந்து கணுக்கால் வீங்கியிருக்கு, அவ்வளவுதான். எங்க பெயிண்ட் வேலையில, ஏறுறவன் "இருக்கீங்களா?"ன்னு கேப்பான். ஏணியைப் பிடிக்கிறவர் "இருக்கேன்"ம்பார். அதை நம்பித்தான் அடுத்த படியில காலை வைப்போம். அன்னைக்கு ஏணியைப் பிடிச்ச மேஸ்திரி "இருக்கேன்"னு சொல்லிட்டு, போனைக் காதுல வச்சுக்கிட்டு நழுவிட்டார். நான் விழுந்ததும், "அவனா அவசரப்பட்டு ஏறிட்டான்"னு முதலாளிகிட்ட கூசாம சொன்னார்.

இப்போ முதலாளி ஏற்பாட்டுல எங்க ரெண்டு பேருக்கும் நம்பிக்கை வளர்க்கப் பயிற்சியாம்! ஏசி ரூம்ல நான் கண்ணை மூடிப் பின்னால சாயணும், மேஸ்திரி தாங்கணும். கீழே மெத்தை வேற. பயிற்சி கொடுக்கிறவர் கைதட்டத் தயாரா நின்னார். முதுகுக்குப் பின்னால மேஸ்திரி, "இருக்கேன், சாயுடா"ன்னார். "தப்பு உங்களுதுன்னு முதலாளிகிட்ட சொல்லுங்க, சாயறேன்"னேன். சிரிச்சு மழுப்பினார். த்தூ! நொண்டிக்கிட்டே வெளிய வந்துட்டேன்.

வலிக்குத் தடவுற தைலம் யார்கிட்டயாவது கொடுத்தனுப்புங்க. கம்பெனி வேன் வந்துடுச்சு, முடிக்கிறேன். போன்ல நடுநடுவுல "லைன்ல இருக்கியா?"ன்னு கேப்பீங்களே, இனிமே நான் "ம்"னு மட்டும் சொன்னா கோவிச்சுக்காதீங்க. "இருக்கேன்"னு சொல்ல வாய் வரமாட்டேங்குது.

உங்க பெரியவன்