கரண்ட் இறங்கட்டும் என்றாயே, நைனா

என் ஆசை நைனாவுக்கு,

உன் பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள். ஓர் இடத்தில் நிற்பதில்லை. பிடிவாதம் அப்படியே உன்னுடையது, சோறு ஊட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது.

இவளைப் பெற்றெடுத்து நான் நம் வீட்டுக்கு வந்தபோது, நீ கதிர்வீச்சுக்காகச் சென்னைக்குப் போய் வந்துகொண்டிருந்தாய். ஒரு கிட்னியை எடுத்தாகிவிட்டது, மிச்சமிருந்ததிலும் கட்டி. இன்னொரு ஆபரேஷனைத் தாங்கமாட்டாய் என்றுவிட்டார்கள். "மூச்சு வுட்டா கிட்னி மேல கீய போவுதாம்மா. அதான் தெனம் படம் புட்ச்சி, கட்டி எங்க கீதுன்னு பாத்துட்டு கரண்ட் வெக்கிறாங்க" என்று நீதான் எனக்கு விளக்கினாய்.

அந்தப் பாழாய்ப்போன வார்த்தை. கதிர் என்றிருந்தால் நெல்லு நினைப்பில் பயப்படாமல் இருந்திருப்பாய். ஆஸ்பத்திரியில் எல்லாரும் கரண்ட் என்றார்கள், கிணற்று மோட்டாரில் ஷாக் வாங்கிய நீ அதைப் பிடித்துக்கொண்டாய். குழந்தையோடு வந்தால் கையை நீட்டித் தடுப்பாய். "கிட்ட எட்த்துனு வராத. ஒடம்புல கரண்ட் கீது. எறங்கட்டும்."

பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராகக் கழனிக்குப் போய், செருப்பைக் கழற்றிவிட்டு ஈரச் சேற்றில் நிற்பாய், எர்த் ஆகட்டும் என்று. ஒருநாள் நானும் உன்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். "மெஷினை நிறுத்தினா அதோட சரி, உடம்புல ஒண்ணும் தங்காது, தாராளமா தூக்குங்க" என்றார் டாக்டரம்மா. தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து, "அவங்களுக்கு இன்னா, அவங்க பேத்தியா?" என்றாய். எனக்கு அப்படிக் கோபம் வந்தது.

வைத்தியம் முடிந்தது. ஆடி கழியட்டும், அப்புறம் தூக்குகிறேன் என்றாய். அதற்குள் நோய் நுரையீரலுக்குப் போய்விட்டது. மூச்சுக்குத் தவிக்கும்போதும் தொட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாய். இவளை உன் பக்கத்தில் போட வந்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். அவ்வளவு ஆசையை வைத்துக்கொண்டு எப்படி நைனா முடிந்தது உன்னால்?

கடைசியில், நீ கண்ணை மூடிய பிறகு, நெய்ப்பந்தம் பிடிக்கத்தான் இவளை உன்னிடம் கொண்டுவந்தோம். இவள் கையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு உன்னைச் சுற்றி வந்தேன். குனிந்தபோது இவள் பந்தத்தை விட்டுவிட்டு உன் விரலைப் பிடித்துக்கொண்டாள். நீ தடுக்கவில்லை.

போன வாரம் என் நாத்தனார் கேட்டாள், "பொட்டப் புள்ளன்னுதான உங்க நைனா தூக்கவே இல்ல?" என்று. நான் அழுதுவிட்டேன்.

இனி அழமாட்டேன். யாரும் இவள் காதில் அதைப் போடுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவேன்: உன் தாத்தா உன்னைத் தொடாமல் இருந்தது, உனக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்றுதான். இது சத்தியம், நைனா.

உன் ஒரே மகள்,
மல்லிகா