வயிற்றின் மேல் என் கை

1994 ஆகஸ்ட் 9, செவ்வாய்
பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்து இட்லிக்கு அரைத்தேன். அவர் தங்கை இன்பமணிக்கு டாக்டர் சொன்ன தேதி தாண்டிவிட்டது, வலியே வரவில்லை. நாளை ஆஸ்பத்திரியில் சேர்த்து, மருந்து ஏற்றி வலி வரவைப்பார்களாம். வளைகாப்பன்று, பிள்ளையில்லாதவள் வளையல் போடக் கூடாது என்று அத்தை என்னை அடுக்களையிலேயே நிறுத்தினாள். அதிலிருந்து இன்பமணியும் நானும் சரியாகப் பேசுவதில்லை.

ஆகஸ்ட் 10
பிரசவ அறையில் துணைக்கு ஒருத்திதான் இருக்கலாம். அத்தைக்கு ரத்தம் பார்த்தால் மயக்கம். வேறு வழியில்லாமல் என்னை அனுப்பினார்கள்.

நர்ஸ் அன்னத்தாய் என் கையைப் பிடித்து இன்பமணி வயிற்றின் மேல் வைத்தாள். "வலி வந்தா கல்லு மாதிரி இறுகும். விட்டா இளகும். பாத்துச் சொல்லுங்க. உங்களுக்குத் தெரியாததா?"

எனக்கு என்ன தெரியும்? இன்பமணி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மதியம்வரை சின்னச் சின்ன வலி. ஏற்றுகிற மருந்தின் சொட்டைக் கூட்டினார்கள். அதற்கப்புறம் — ஐயோ! என் கைக்குக் கீழே வயிறு எழும்பி இறுகும். அவள் என் தோளைக் கடிப்பாள். "வருது... வருது... இந்தா, விட்டுட்டு" என்பேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. "மதினி, நிறுத்தச் சொல்லுங்க, என்னால ஏலாது" என்று அழுதாள். யாரிடம் சொல்ல?

சாயங்காலம் இறுகின வயிறு இளகவே இல்லை. "சிஸ்டர், விடவே மாட்டேங்கு!" என்று கத்தினேன். அன்னத்தாய் ஓடிவந்து சொட்டை நிறுத்தினாள். குழலை வயிற்றில் வைத்துப் பிள்ளையின் துடிப்பைக் கேட்டாள். மறுபடி கேட்டாள். முகம் மாறிப்போச்சு. ஆபரேஷன் என்று தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஆகஸ்ட் 11
ஆண். அழவில்லை. ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 12
காலையில் போய்விட்டான்.

ஆகஸ்ட் 14
அத்தை வார்டில் எல்லார் முன்னாலும் சொன்னாள்: "எவ கைய வச்சாளோ, அப்பவே முடிஞ்சிட்டு." இன்பமணி கண்ணை மூடிக் கிடந்தாள். கேட்டாளா? நான் கூப்பிட்டிராவிட்டால் தாயும் போயிருப்பாள் என்று டாக்டரே சொன்னாரே.

ஆகஸ்ட் 27
இன்பமணி எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். யாரோடும் பேசுவதில்லை. நான் தட்டு வைத்தால் இரண்டு வாய் சாப்பிடுகிறாள்.

செப்டம்பர் 11
ஏரலிலிருந்து இன்பமணியின் மாப்பிள்ளை கார் கொண்டு வந்தார், அவளைக் கூட்டிப்போக. அத்தை துணைக்குப் போவதாக ஏற்பாடு. முன்னாடியே ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"நீ இறங்கும்மா" என்றாள் இன்பமணி. அப்புறம் என் பக்கம் திரும்பி, பைய: "மதினி, வெறுங்கையோட அந்த வீட்டுக்குள்ள போகணும். நீங்க வாறீங்களா?"

இரண்டு சேலையை அள்ளிப் பையில் போட்டேன். லீவு லெட்டரை அவர் கொடுத்துவிடுவார்.

ஏரலில் இருந்து எழுதுகிறேன். பக்கத்தில் தூங்குகிறாள்.