வெள்ளிக்கிழமை வயிற்று வலி

நெல்லியாளம்,
ஞாயிறு இரவு

அன்புள்ள இந்து கண்ணுக்கு,

இந்நேரத்துக்கு எழுத உட்கார்ந்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே, அப்பாவும் உன் தங்கச்சியும் தூங்கின பிறகுதான் கை ஒழிந்தது. இங்கே மழையும் சளியுமாக மூன்று பேரும் நன்றாகவே இருக்கிறோம், சென்னை வெயிலில் நீ எப்படி இருக்கிறாய், நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா. போனில் சொன்னால் "விடும்மா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

உன் பழைய பள்ளிக்கூடத்தில் வெள்ளிக்கிழமை கராத்தே வகுப்பு உண்டல்லவா, வீட்டிலிருந்து லெட்டர் கொண்டுவந்தால் போக வேண்டாம் என்று இருந்ததை மாற்றி எல்லாருக்கும் கட்டாயம் ஆக்கலாமா என்று பேச நேற்று பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் ஈவ்லின் டீச்சர் பதினோரு லீவ் லெட்டரை மேஜைமேல் பரப்பினார். பதினோரு பெண்ணுக்கும் வயிற்று வலி, பதினொன்றும் என் கையெழுத்து. உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பி.ஏ. முடித்தவள் என்று நம் எஸ்டேட் லைன் வீடுகள் மொத்தமும் என்னிடம்தானே எழுதி வாங்கிப் போகும். "ஏனுங்கம்மா, உங்க லைனுக்கு மட்டும் வயிறு கிழமை பாத்து வலிக்குதுங்களா?" என்று டீச்சர் கேட்டார். மொத்தப் பேரும் சிரித்தார்கள், எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு எஸ்டேட் சூப்பர்வைசர் வீரையா எழுந்தார். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குங்க கட்டாயம், இஷ்டம் இருக்கறது வரட்டும், ஆனைய கராத்தேல அடிக்கப் போவுதா?" என்றார். எனக்கு எங்கிருந்து வந்ததோ, எழுந்துவிட்டேன். ஆனை வந்தா ஃபாரஸ்ட்காரங்ககிட்டேருந்து எல்லார் போனுக்கும் மெசேஜ் வருதுங்க, ஆள் வந்தா எந்தப் போனுக்கு வரும் என்று கேட்டேன். இஷ்டம் இஷ்டம்னு சொல்றீங்களே, அது புள்ளைங்க இஷ்டமா, உங்க இஷ்டமா, இந்தப் பதினோரு பேரில் ஒருத்தியாவது எனக்கு வேண்டாம்னு சொன்னாளா என்றேன். பையன்களுக்கும் கட்டாயம் வையுங்கள், கராத்தேயில் எதிரே நிற்கிற உடம்புக்கு முதலில் குனிந்து வணக்கம் வைப்பார்களே, அதை அவர்களும் படிக்கட்டும் என்றேன். இனி அந்த லெட்டர் என் கையால் ஒன்றுகூட வராது என்றும் சொன்னேன். முடிவு அடுத்த கூட்டத்தில்தான். கட்டாயம் வேண்டாம் என்று சொல்ல வீரையா ஆள் பிடிக்கிறாராம், பிடிக்கட்டும். பக்கத்து வீட்டுத் தெய்வம்மாக்கா, "படிச்ச திமிரு"ன்னு என் காதுபடவே சொல்லிவிட்டுப் பேச்சை நிறுத்திவிட்டாள். அந்தப் பதினோரு பேரில் ஒருத்தியான அவள் மகள் ரேகா மட்டும் சாயங்காலம் வந்து, நிஜமாவே இனிமே எழுதித் தர மாட்டீங்களா அத்தை என்று கேட்டாள். மாட்டேன் என்றதும் அவள் முகம் மலர்ந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். அப்பாதான் பயப்படுகிறார், வேலையிடத்தில் வீரையா முகத்தில் முழிக்க வேண்டுமே என்று. எனக்கும் பயம்தான், ஆனாலும் உட்கார மாட்டேன்.

ஏனென்றால் அந்தப் பதினொன்றுக்கும் முந்தின லெட்டர் ஒன்று உண்டு கண்ணு. நீ பத்தாவது படிக்கையில், கை கால் பிசகிவிடுமோ, நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று உனக்கு எழுதினது. அதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் வந்தார்கள். போன மாசம் பஸ்ஸில் ஒருத்தன் உரசினான், கையும் எழும்பல குரலும் எழும்பல, பாதி வழியில் இறங்கி நடந்தேன் என்று நீ சொன்னதிலிருந்து அந்த லெட்டர்தான் என் கண்முன் நிற்கிறது. தப்பு முழுக்க அவனுடையது, உன்னுடையது இல்லவே இல்லை. ஆனால் எழும்பலாம் என்று உன் கைக்குச் சொல்லித் தர வந்த நாளில் உனக்கு வயிற்று வலி என்று எழுதினவள் நான்.

உன் ஹாஸ்டலிலும் அந்த வகுப்பு இருக்கிறது, விருப்பம் இருந்தால் போகலாம் என்றாய். உனக்குக் கட்டாயம் என்று சொல்ல எனக்கு வாயில்லை. அன்றைக்கு எழுதினதை மட்டும் இன்றைக்கு நானே ரத்து செய்கிறேன், இனி உன் இஷ்டம், நிஜமாகவே உன் இஷ்டம்.

ஊட்டி வர்க்கி பார்சல் அனுப்பியிருக்கிறேன், நமுத்துப்போகும் முன் எல்லாரும் சாப்பிடுங்கள். எங்கே நின்றாலும் காலூன்றி நில், சாமி துணையிருக்கும்.

உன் அம்மா,
பாலாமணி

வகுப்பில் சேர்ந்தாயா இல்லையா என்று சீக்கிரம் பதில் எழுது.